பிரதியும் மூலமும்: தேடுபொறிகளில் ஆவணத்துக்கு ஆவணம் புலங்களைப் பெயர்த்தெழுதும் முறை குறித்து ஒரு பரிசீலனை

1. வினா

ஒரு பட்டுச் சேலையைப் பற்றிய செய்திகள் அனைத்தும் ஒரே ஏட்டில் பிறப்பதில்லை. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்றதொரு நெசவூரில், பாவையும் ஊடையையும் சரிகையையும் எடைபோட்டுக் கொடுத்த கணக்கு ஓர் ஏட்டிலும், நெய்தவருக்குச் சேர வேண்டிய கூலி மற்றோர் ஏட்டிலும், அவர் அங்கம் வகிக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரும் முகவரியும் வேறோர் ஏட்டிலும், அந்த ஊர் எந்த வட்டத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்தது என்னும் செய்தி அரசாங்கத்தின் ஊர்ப் பட்டியலிலுமாகச் சிதறிக் கிடக்கும். ஆனால், எங்கோ ஒரு நகரத்தில் அமர்ந்துகொண்டு இணையத்தில் சேலை தேடும் ஒருவருக்கு இந்தச் சிதறலைப் பற்றிய கவலை கிடையாது. இன்ன மாவட்டத்துப் பட்டு, இன்ன நிறம், இன்ன விலைக்குள், பட்டு முத்திரை பெற்றது என்று அவர் ஒரே மூச்சில் கேட்கிறார். விடையும் ஒரு நொடிக்குள் வந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்குத் தேடுபொறிகளை நடத்துவோர் கைக்கொள்ளும் உபாயங்களுள் தலையாயது, ஓர் ஆவணம் தேடுபொறிக்குள் நுழையும் வழியிலேயே, அதாவது அவர்கள் ‘பைப்லைன்’ என்று சொல்லும் உள்ளேற்றப் பாதையிலேயே, வேறோர் ஆவணத்திலுள்ள புலங்களை எடுத்து இந்த ஆவணத்தில் பெயர்த்தெழுதிவிடுவது. சங்கத்தின் பெயர் சங்கத்தின் ஆவணத்தில் ஒருமுறை இருந்தால் போதாதென்று, அந்தச் சங்கத்தின் ஒவ்வொரு சேலையின் ஆவணத்திலும் அது மீண்டும் எழுதப்படுகிறது. இவ்வாறு எழுதுவது தகுமா, தகுமெனில் எந்தப் புலங்களுக்குத் தகும், எந்த நிபந்தனைகளின் பேரில் தகும் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. விளக்கத்தின் பொருட்டு முள்ளிப்பட்டுச் சேலைகளின் பட்டியல் ஒன்றை மனத்தில் அமைத்துக்கொள்வோம்; பட்டியல் பாவனையே எனினும், அதில் வரும் மாவட்டங்கள், அஞ்சல் எண்கள், சட்டங்கள் யாவும் மெய்யானவை.

2. இயந்திரத்தின் இயல்பு

தேடுபொறியின் உட்கரு, பழந்தமிழ் நூல்களுக்குப் புலவர்கள் தொகுத்துத் தந்திருக்கும் சொல்லடைவின் இனத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக, அச்சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்னும் எண்வரிசை குறிக்கப்பட்டிருக்கும். டக் கட்டிங் 1990களின் பிற்பகுதியில் எழுதிய லூசின் என்னும் மென்பொருள் இந்த அமைப்பையே அடித்தளமாகக் கொண்டது. யோனிக் சீலி 2004இல் உருவாக்கிய சோலரும், ஷே பேனன் 2010இல் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச்சும் லூசினின் மேல் கட்டப்பட்டவை. இன்று உலகில் நடைபெறும் தேடல்களில் கணிசமான பகுதி இவற்றின் வாயிலாகவே நிகழ்கிறது.

நம்முடைய வினாவுக்கு இந்த அமைப்பின் இரண்டு லட்சணங்கள் முக்கியமானவை. முதலாவது, லூசின் தன் அடைவைச் சிறு சிறு பகுதிகளாக எழுதிவைக்கிறது. ஒருமுறை எழுதப்பட்ட பகுதி பின்னர் திருத்தப்படுவதில்லை. ஓர் ஆவணத்தில் ஒரே ஒரு புலத்தை மாற்ற வேண்டுமாயினும், பழைய ஆவணத்தை நீக்கப்பட்டதாகக் குறித்துவிட்டு, முழு ஆவணத்தையும் புதிதாக எழுதியாக வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் ஆவணமும் தனித்து நிற்பது. பக்கத்து ஆவணத்தில் என்ன இருக்கிறதென்று அது அறியாது. பைப்லைனில் வரும் ஒவ்வொரு படிநிலையும், தன் முன்னால் அப்போது நிற்கும் ஓர் ஆவணத்தை மட்டுமே காண்கிறது.

பெயர்த்தெழுதுதல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரு வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஓர் ஆவணத்துக்குள்ளேயே ஒரு புலத்தின் மதிப்பை மற்றொரு புலத்துக்குக் கொண்டுசெல்வது ஒன்று. சோலரின் ‘காப்பிஃபீல்டு’, எலாஸ்டிக்சர்ச்சின் ‘காப்பி-டு’ ஆகியவை இதைச் செய்கின்றன. ஊர், நிறம், சேலையின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே பொதுப் புலத்தில் சேர்த்துத் தேடுவதற்கு இவை பயன்படுகின்றன. மூலமும் பிரதியும் ஒரே ஆவணத்தில் இருப்பதால், ஒன்று மாறும்போது மற்றதும் உடன் எழுதப்பட்டுவிடுகிறது; இதில் விவாதத்துக்கு இடமில்லை.

மற்றொன்று, ஓர் ஆவணத்தின் புலத்தை வேறோர் ஆவணத்தில் எழுதுவது. எலாஸ்டிக்சர்ச்சில் 2016இல் வந்த 5.0 பதிப்பு பைப்லைனைத் தேடுபொறிக்குள்ளேயே அமைத்துக்கொள்ள இடமளித்தது. 2019 டிசம்பரில் வந்த 7.5 பதிப்பு ‘என்ரிச்’ என்னும் படிநிலையை அதில் சேர்த்தது. இதன் செயல்முறையைச் சற்று அருகில் சென்று நோக்குவது அவசியம்.

சேலையின் ஆவணம் ஆறு புலங்களோடு வருகிறதென்று கொள்வோம்: சேலை எண், சங்க எண், ஊர், நிறம், விலை, நாள். சங்கங்களின் ஆவணங்கள் வேறோர் அடைவில் இருக்கின்றன. எந்தப் புலத்தை வைத்து ஒப்பிடுவது, ஒப்புமை கண்டபின் எந்தப் புலங்களை எடுத்துக்கொள்வது என்று ஒரு விதி முதலில் வகுக்கப்படுகிறது. அந்த விதியை நிறைவேற்றும்போது, சங்கங்களின் அடைவிலிருந்து வேண்டிய புலங்கள் மட்டும் எடுக்கப்பட்டு, திருத்த இயலாத ஒரு தனிப் பிரதியாக உறைய வைக்கப்படுகின்றன. அதன்பின் வரும் ஒவ்வொரு சேலை ஆவணமும் தன் சங்க எண்ணை அந்த உறைந்த பிரதியோடு ஒப்பிட்டு, கிடைத்ததைத் தன்னுள் எழுதிக்கொண்டு செல்கிறது. ஆகவே, சேலையின் ஆவணத்தில் காணப்படும் சங்கத்தின் முகவரி, மூலத்தின் பிரதியன்று, பிரதியின் பிரதி.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. விதியைக் கடைசியாக நிறைவேற்றிய நாளுக்குப் பின் பதிவான சங்கம், அந்தப் பிரதியில் இராது. அதன் சேலைகள் முகவரியின்றியே உள்ளே போகும். ஒப்புமை கிடைக்காவிடில் பைப்லைன் நின்றுவிடுவதில்லை. ஒன்றும் எழுதாமல் மௌனமாக அடுத்த படிநிலைக்குப் போய்விடும். விதியை மறுபடி நிறைவேற்றினாலும், அதற்கு முன்னர் உள்ளே சென்றுவிட்ட சேலைகள் பழைய முகவரியோடேயே இருக்கும். அவற்றைத் திருத்த வேண்டுமாயின் அத்தனையையும் மீண்டும் பைப்லைன் வழியாகச் செலுத்தியாக வேண்டும்.

3. இதுவரை நிலவிவரும் அபிப்பிராயங்கள்

இவ்விஷயத்தில் அறிஞரிடையே நிலவும் கருத்துகளை இரு தரப்பாகப் பிரிக்கலாம். முதல் தரப்பு, எட்கர் காட் 1970இல் வெளியிட்ட உறவுநிலைத் தரவுமாதிரி பற்றிய கட்டுரையிலிருந்து கிளைத்தது. ஒரு செய்தி ஒரே இடத்தில்தான் எழுதப்பட வேண்டும். ஏனைய இடங்களில் அதைச் சுட்டும் எண் இருந்தால் போதும். கேள்வி எழும்போது எண்ணைப் பின்பற்றிச் சென்று செய்தியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கொள்கை. ஒரே செய்தி இரண்டு இடங்களில் எழுதப்பட்டால், என்றேனும் ஒருநாள் ஒன்று திருத்தப்பட்டு மற்றது மறக்கப்படும் என்னும் அச்சம் இதற்கு ஆதாரம். அந்த அச்சம் நியாயமானது என்பதற்கு அலுவலகக் கோப்புகளோடு பழகிய எவரும் சாட்சி சொல்வர்.

இரண்டாம் தரப்பு, தேடுபொறிகளை நடத்துவோருடையது. சேர்க்கும் வேலையைக் கேள்வி எழும் நேரத்துக்கு ஒத்திவைத்தால், ஒவ்வொரு கேள்விக்கும் அதே வேலையை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். ஆவணம் உள்ளே வரும்போது ஒருமுறை செய்துவிட்டால், பின்னர் வரும் கேள்விகள் எத்தனையாயினும் விடை விரைவாகக் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். எலாஸ்டிக்சர்ச்சில் தாய் ஆவணம், சேய் ஆவணம் என்று உறவு வகுத்துத் தேடும் வழி இருக்கிறதாயினும், தாயும் சேயும் ஒரே ஷார்டில், அதாவது அடைவின் ஒரே கூற்றில், இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடும், அதற்கு ஆகும் நேரச் செலவும் அதைப் பலரும் தவிர்க்கக் காரணமாயின.

இவ்விரு தரப்பாரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர் என்பதுதான் கவனிக்கத்தக்கது. இருவருமே இதை ஒரு சிக்கனப் பிரச்சினையாகவே பார்க்கின்றனர்: ஒரு பக்கத்தில் வேகம், மறுபக்கத்தில் இடமும் திருத்தும் உழைப்பும், எது மலிவோ அதைத் தேர்ந்துகொள். பெயர்த்தெழுதப்படும் செய்தி எந்த வகையைச் சேர்ந்தது, அது எந்தக் காலத்துக்கு உண்மை என்னும் கேள்வியை இரு தரப்புமே பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. அக்கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தால் விடையே மாறிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

4. நூலகப் பட்டியல்களின் சாட்சியம்

கணினி தோன்றுவதற்கு முன்பே இப்பிரச்சினையை முழு அளவில் சந்தித்தவர்கள் நூலகர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1901ஆம் ஆண்டு தொடங்கி அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விநியோகித்தது. அந்த முறையில், ஒரு நூலுக்கான முழு விவரமும் அடங்கிய ஒரே அட்டையின் பிரதிகள், ஆசிரியர் பெயர், நூற்பெயர், பொருள் ஆகிய ஒவ்வொரு தலைப்பின் கீழும் வைக்கப்பட்டன. எந்தத் தலைப்பில் தேடினாலும் முழு விவரமும் அங்கேயே கிடைக்கும். தேடுவோர் வேறோர் அட்டைக்கு அலைய வேண்டியதில்லை. தேடுபொறிக்காரர்களின் வாதம் இதுவே.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன், 1934இல் வெளியிட்ட தம்முடைய பட்டியல் விதிகளில் வேறு வழியைக் கைக்கொண்டார். அவருடைய முறையில், நூலின் விவரம் நிறைவாக எழுதப்படுவது முதன்மைப் பதிவில்; ஆசிரியர் பெயராலும் நூற்பெயராலும் அமைந்த துணைப் பதிவுகள் சுருக்கமானவை; அவை நூலின் குறியீட்டெண்ணைத் தந்து வாசகரை முதன்மைப் பதிவுக்கும் அலமாரிக்கும் அனுப்பிவைக்கும். காட் தரப்பினர் பிற்காலத்தில் வற்புறுத்தப்போகும் கொள்கையின் சாயல் இதில் தெரிகிறது.

எந்த முறை காலத்துக்கு ஈடுகொடுத்தது? ஆங்கில நாடுகளின் பட்டியல் விதிகள் திருத்தப்பட்டு, புதிய விதிகள் 1981 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, ஏராளமான ஆசிரியர் தலைப்புகளின் வடிவம் மாற வேண்டியிருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இழுப்பறைகளில் இருந்தவையோ கோடிக்கணக்கில் எண்ணத்தக்க அட்டைகள். அத்தனையையும் திருத்துவது இயலாதென்று கண்ட அந்நூலகம், 1980ஆம் ஆண்டின் இறுதியோடு தன் அட்டைப் பட்டியலையே உறைய வைத்துவிட்டு, கணினிப் பட்டியலுக்குச் சென்றது. பெயர்த்தெழுதும் வேலை எவ்வளவு எளிதோ, பெயர்த்தெழுதியதைத் திருத்தும் வேலை அவ்வளவு அரிது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

ஆயினும் இந்தச் சாட்சியத்தை ஒருதலையாகப் படிக்கலாகாது. அந்த உறைந்த பட்டியலும் பயனற்றுப் போய்விடவில்லை. ஓர் ஆசிரியரை ஒரு காலத்தில் எந்தப் பெயரில் அறிந்திருந்தனர், ஒரு பொருளை எந்தத் தலைப்பின் கீழ் வகைப்படுத்தினர் என்று ஆராய்வோருக்கு, திருத்தப்படாத பழைய அட்டையே ஆவணம். பிரதி பழையதாகிவிடுவது தேடுவோருக்குக் குறை. சரித்திரம் எழுதுவோருக்கு அதுவே ஆதாரம்.

5. ஆரணி வட்டாரத்தின் சாட்சியம்

இனி முள்ளிப்பட்டுக்கு வருவோம். சேலையின் ஆவணத்தில் ‘மாவட்டம்’ என்றொரு புலத்தை ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதுவதாகக் கொள்வோம். இதைவிடச் சாதுவான புலம் வேறு இருக்க முடியாதென்றே முதற்பார்வையில் தோன்றும். ஊர் எங்கே போய்விடப்போகிறது? ஆனால், ஊர் நகராவிட்டாலும் மாவட்டம் நகர்ந்திருக்கிறது.

ஆரணி வட்டாரம் ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் முதல் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1881இல் காக்ஸ் தொகுத்த மாவட்டக் கையேடு அந்தப் பெயரையே தாங்கியிருக்கிறது. 1989 செப்டம்பர் 30ஆம் நாள் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, ஆரணி திருவண்ணாமலை சம்புவரையர் மாவட்டத்துக்குப் போயிற்று. எஞ்சிய பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் மாவட்டங்களின் பெயர்களிலிருந்து தலைவர்கள், மன்னர்கள் ஆகியோரின் பெயர்கள் நீக்கப்பட்டபோது, முதலாவது திருவண்ணாமலை மாவட்டமாகவும் இரண்டாவது வேலூர் மாவட்டமாகவும் நின்றன. அந்த வேலூரும் 2019இல் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆக, 1985இலும் 1992இலும் இன்றும் ஆரணியைப் பற்றி எழுதப்பட்ட மூன்று ஆவணங்களில், மாவட்டப் புலம் மூன்று வெவ்வேறு மதிப்புகளைத் தாங்கியிருக்கும். மூன்றும் அவை எழுதப்பட்ட நாளில் மெய்.

இப்போது இந்த மூன்று ஆவணங்களையும் ஒரு பைப்லைன் வழியாக இன்றைய ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, மாவட்டப் புலத்தின் மேலேயே புதிய மதிப்பை எழுதினால், தேடல் சீராகிவிடும். ஆனால் 1985ஆம் ஆண்டு ஆவணம், அன்று இல்லாத ஒரு மாவட்டத்தின் பெயரைச் சொல்லும் பொய்ச்சாட்சியாகிவிடும். எழுதாமல் விட்டால், ‘திருவண்ணாமலை’ என்று தேடுபவருக்கு அந்த ஆவணம் அகப்படவே அகப்படாது.

மாவட்டத்தை ஊர்ப்பெயரால் அறியாமல் அஞ்சல் எண்ணால் அறியலாமே என்று ஒருவர் கருதக்கூடும். 1972 ஆகஸ்ட் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க அஞ்சல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள், தபால் பிரிப்பு வட்டாரத்தைக் குறிப்பவை. பைப்லைன் எழுதுவோரிற் பலர் இதை மாவட்டம் என்றே கொண்டுவிடுகின்றனர். ஆரணியின் எண் 632301. அதன் முதல் மூன்று இலக்கங்கள் வேலூருக்குரியவை. அதே திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த செய்யாற்றின் எண் 604407. மாவட்டத் தலைநகரின் எண் 606601. ஒரே மாவட்டத்தில் மூன்று முன்னெண்கள். போதாக்குறைக்கு, கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தின் எண்ணான 606001உம் 606 என்றே தொடங்குகிறது. முன்னெண்ணை வைத்து மாவட்டத்தைப் பெயர்த்தெழுதும் பைப்லைன், ஆரணிச் சேலைகள் அனைத்தையும் எந்தத் தயக்கமுமின்றி வேலூர் மாவட்டத்தில் சேர்த்துவிடும். தவறு என்று எந்த எச்சரிக்கையும் எழாது.

ஊர்ப்பெயரால் ஒப்பிடுவதிலும் ஆபத்து உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில், ஆரணி என்னும் பேரூராட்சி ஒன்று இருக்கிறது. ஒப்பிடும் புலம் ஊர்ப்பெயராக மட்டும் இருந்தால் இரண்டு ஆரணிகளும் பொருந்தும். என்ரிச் படிநிலையோ, வேறு கட்டளை இல்லாவிடில், பொருந்தியவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேல் எடுக்குமாறு கட்டளையிட்டாலோ, எழுதப்படும் புலம் ஒற்றை மதிப்பாக இராமல் வரிசையாக மாறிவிடும். அதை எதிர்பாராத அடுத்த படிநிலைகள் தடுமாறும்.

எழுத்து வடிவமும் இதில் குறுக்கிடுகிறது. ஒப்பீடு எழுத்துக்கு எழுத்து நிகழ்வதால், ஆங்கிலத்தில் பழைய முறைப்படி ‘ஆர்னி’ என்று ஒலிக்குமாறு எழுதப்பட்ட பெயர், இன்றைய எழுத்துக்கூட்டலோடு பொருந்தாது; களம்பூரிலுள்ள ஆரணி ரோடு ரயில் நிலையத்தின் பெயர் ஆங்கிலத்தில் இன்றும் பழைய வடிவத்திலேயே இருக்கிறது. தமிழிலோ இதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. பக்கத்து ஊரான போளூரின் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. ஒப்பிடும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். யூனிகோடின் சீராக்க வடிவத்துக்கு இருபுறத்தையும் முன்னதாகவே மாற்றிக்கொள்ளாத பைப்லைன், போளூரின் சேலைகளில் ஒரு பகுதியை மாவட்டமற்றவையாக உள்ளே அனுப்பிவைக்கும்.

6. இருவகைப் புலங்கள்

மேற்கண்ட சாட்சியங்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால், பெயர்த்தெழுதப்படும் புலங்கள் தன்மையில் இருவகைப்பட்டவை என்பது விளங்கும். ஒருவகை, ஒரு நிகழ்ச்சியின் உண்மை. சேலை விற்ற நாளில் அதன் விலை என்ன, அன்று விதிக்கப்பட்ட வரி எவ்வளவு, அதில் ஒட்டப்பட்ட பட்டு முத்திரையின் எண் என்ன என்பவை அந்த நிகழ்ச்சியோடு பிறந்தவை. மூலம் பின்னர் மாறினாலும் இவை மாறக் கூடாதவை. மற்றொரு வகை, வேறொரு பொருளின் இன்றைய நிலை. சங்கத்தின் முகவரி, ஊரின் மாவட்டம், புவிசார் குறியீட்டுப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பன சேலைக்குச் சொந்தமானவை அல்ல. சேலை அவற்றை இரவலாக வாங்கி அணிந்துகொண்டிருக்கிறது.

ஆரணித் தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியை அறிந்தவர்களுக்கு இந்த வேற்றுமை எளிதில் புலப்படும். கரையின் கோலம் துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. சேலையில் இருப்பது அதன் பிரதி. அட்டைகளை மாற்றிக் கட்டினால் இனி நெய்யும் சேலையின் கரை மாறுமேயன்றி, நெய்து அறுத்த சேலையின் கரை மாறாது. நெய்த கோலத்தைப் பொறுத்தவரை அவ்வாறு மாறாதிருப்பதே முறை. ஆனால், அதே சேலையில் கட்டப்பட்ட சீட்டில் கடையின் பழைய தொலைபேசி எண் இருந்தால், அது மாறாதிருப்பது குற்றம். ஒரே சேலையில் இரண்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது.

உதாரணங்களால் இதைச் சோதித்துப் பார்ப்போம். ஜி.எஸ்.டி. என்னும் சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதத்து ரசீதின் ஆவணத்தை இன்றைய வரிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் புதுப்பித்தால், அன்று பிறக்காத வரியை அந்த ரசீது செலுத்தியதாகத் தோன்றும். வரி விகிதம் நிகழ்ச்சிப் புலம். ஒருமுறை பெயர்த்தெழுதி உறைய விடுவதே சரி. இதற்கு மாறாக, ஆரணிப் பட்டு பெற்றிருக்கும் புவிசார் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இப்பதிவு பத்தாண்டுகளுக்கு உரியது. பின்னர் புதுப்பிக்கப்பட வேண்டும். ‘புவிசார் குறியீடு உண்டு’ என்ற சொற்களைச் சேலையின் ஆவணத்தில் எழுதி மறந்துவிட்டால், அது காலவரையறை உள்ள ஓர் உரிமையைக் காலவரையறையற்றதாகக் காட்டுவதாகும். இது நிலைப் புலம். பதிவின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, நிலையை அவ்வப்போது மூலத்தில் கேட்டறிவதே சரி.

மாவட்டமோ இரண்டு முகமும் உடையது. ‘ஆவணம் எழுதப்பட்ட நாளின் மாவட்டம்’ நிகழ்ச்சிப் புலம்; ‘இன்றைய மாவட்டம்’ நிலைப் புலம். இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்க முயன்றதே முந்தைய பகுதியில் கண்ட இக்கட்டுக்குக் காரணம். இரண்டு புலங்களாகப் பிரித்து, முதலாவதை மூல ஆவணம் சொன்னபடியே விட்டு, இரண்டாவதை மட்டும் ஊர்ப் பட்டியலிலிருந்து எழுதினால், தேடுபவருக்கும் சரித்திரக்காரருக்கும் ஒருங்கே நியாயம் கிடைக்கும்.

7. எதிர்வாதங்கள்

இந்தப் பாகுபாடு அனாவசியம் என்று கூறக்கூடியவர்கள் இரு தரப்பினர். முதல் தரப்பினர், அடைவு முழுவதையும் இரவுதோறும் அழித்துப் புதிதாகக் கட்டிவிட்டால் பிரதி பழையதாகும் பேச்சுக்கே இடமில்லை என்பர். சில ஆயிரம் சேலைகள் கொண்ட ஒரு பட்டியலுக்கு இது நடைமுறைக்கு உகந்த வழி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு சங்கங்களுக்கு இதையே நாம் சிபாரிசு செய்யலாம். ஆனால் இது பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. மீண்டும் கட்டும் ஒவ்வொரு முறையும் இன்றைய மூலங்களையே கலந்தால், நிலைப் புலங்கள் சீராகும். நிகழ்ச்சிப் புலங்கள் கெடும். நிகழ்ச்சியின் உண்மைகள் தேடுபொறிக்கு வெளியே, மூல ஏட்டிலேயே உறைந்து பாதுகாக்கப்பட்டிருந்தால்தான் இந்த வழி பழுதற்றது.

இரண்டாம் தரப்பினர், தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது, இனிப் பெயர்த்தெழுத வேண்டியதே இல்லை என்பர். சோலர் 2012இல் வந்த 4.0 பதிப்பிலேயே கேள்வி நேர இணைப்பைத் தந்தது. எலாஸ்டிக்சர்ச் 2025இல் தன்னுடைய புதிய கேள்வி மொழியில் ‘லுக்கப் ஜாயின்’ என்னும் வசதியைச் சேர்த்திருக்கிறது. இவை வரவேற்கத்தக்கவையே. எனினும், கேள்வி நேரத்தில் இணைப்பவன் எப்போதும் இன்றைய மூலத்தையே காண்கிறான். அன்றைய நிலை என்ன என்று கேட்டால் அவனிடம் விடை இராது. உள்ளேற்றும் நேரத்தில் பெயர்த்தெழுதியவன் இன்றையதை மறக்கிறான். கேள்வி நேரத்தில் இணைப்பவன் அன்றையதை மறக்கிறான். இரண்டு மறதிகளும் எதிரெதிர்த் திசையிலானவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குணப்படுத்த முடியாது. வேகத்தை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, கேள்வியின் பாதியைக் காணாமலே விடையளிப்பதாகும்.

8. முடிவு

ஆராய்ச்சியின் பயனாக எட்டும் தீர்மானம் இது. ஆவணத்துக்கு ஆவணம் புலங்களைப் பெயர்த்தெழுதுவது குற்றமன்று. எந்தக் காலத்துக்கு உண்மையானது என்று சொல்லாமல் பெயர்த்தெழுதுவதே குற்றம். அதைத் தவிர்ப்பதற்கு வேண்டிய சிரத்தைகள் கடினமானவையும் அல்ல. மூல ஆவணம் சொன்னதன் மேல் எழுதாமல், இரவலாக வந்த புலங்களைத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். பெயர்த்தெழுதியபின்னும் மூலத்தைச் சுட்டும் எண்ணை நீக்காமல் காப்பாற்ற வேண்டும். ஊர்களுக்கு அந்த எண் பெயராகவோ அஞ்சல் எண்ணாகவோ இராமல், மத்திய அரசின் உள்ளாட்சி விவரப் பட்டியல் ஒவ்வோர் ஊருக்கும் தந்திருக்கும் குறியெண்ணாக இருப்பது நலம். பிரதி எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதை அதனோடேயே குறிக்க வேண்டும். ஒப்புமை கிடைக்காத ஆவணங்களை மௌனமாக உள்ளே விடாமல், அடையாளமிட்டு ஒதுக்கிவைத்து, மனிதர் ஒருவர் பார்வையிட வேண்டும்.

கைத்தறிச் சங்கங்களின் விற்பனைப் பட்டியல்களும், நூலகங்களின் எண்மப் பட்டியல்களும், மாவட்ட ஆவணக் காப்பகங்களின் அடைவுகளும் தமிழகத்தில் இனிமேல்தான் பெருமளவில் தேடுபொறிகளுக்குள் செல்லவிருக்கின்றன. அவற்றை அமைக்கும் பொறுப்பில் இருப்பவர்கள், பைப்லைனின் முதல் வரியை எழுதுவதற்கு முன், தம் ஆவணத்திலுள்ள ஒவ்வொரு புலத்துக்கும் நேராக ‘நிகழ்ச்சி’ அல்லது ‘நிலை’ என்று ஒரு சொல்லை எழுதிக்கொள்ள வேண்டுமென்பதே நம் வேண்டுகோள். அந்த ஒரு பக்கக் காகிதத்துக்கு ஆகும் உழைப்பு, பின்னர் இலட்சக்கணக்கான ஆவணங்களை மீண்டும் எழுத நேரும் உழைப்பை மிச்சப்படுத்தும்.